யார் பெற்ற எண்ணெய்

கிம்மரிட்ஜ் என்ற ஊர் இங்கிலாந்தின் தென்கரையில், டோர்செட் மாவட்டத்தில் இருக்கிறது. கல்வீடுகள், புல் வேய்ந்த கூரைகள், ஒரே தெரு. ஊரைத் தாண்டியதும் ஒரு சாவடி. அங்கே காசு கட்டினால்தான் காரைக் கடற்கரைக்கு இறக்க முடியும். சுற்றியுள்ள நிலம் ஸ்மெட்மோர் என்ற பழைய பண்ணையைச் சேர்ந்தது. கரையில் மணல் இல்லை. சிலேட்டு நிறத்தில் ஏடு ஏடாகப் பிரியும் களிப்பாறைதான். நடுநடுவே மஞ்சள் படிந்த கெட்டியான கல்லடுக்குகள் மேடை போட்டதுபோல் கடலுக்குள் நீண்டு கிடக்கின்றன. கையால் பிய்த்தாலே பாறை பிளக்கிறது. பிளந்த பக்கத்தில் அம்மோனைட் என்ற பழங்கடல் உயிரியின் நசுங்கிய ஓடு வெள்ளைக் கோடாக ஒட்டியிருக்கிறது.

விரிகுடாவின் மேற்குப் பக்கத்து மேட்டில், கம்பிவேலிக்குள் ஒரு எண்ணெய் பம்பு தலையாட்டிக்கொண்டிருந்தது. திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு அதை விவரிக்கத் தேவையில்லை. பிபி நிறுவனம் 1959-இல் தோண்டிய கிணறு இது. ஒருகாலத்தில் நாளுக்கு 350 பீப்பாய் வரை கொடுத்தது. இப்போது அதில் சிறு பங்குதான் வருகிறது. கீழே கரிய எண்ணெய்ப் பாறை, மேலே எண்ணெய் இறைக்கும் பம்பு. பார்ப்பவர் எவரும் ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கணக்கை முடித்துவிடுவார்.

என்னை அழைத்துப் போன தோழி மயிலாடுதுறைக்காரர். இங்கே ஓர் ஆய்வகத்தில் எண்ணெய் மாதிரிகளைப் பிரித்துப் பார்ப்பது அவருடைய வேலை. என் தம்பியோடு படித்தவர் என்பதால் என்னை அண்ணா என்பார்.

"அண்ணா, அந்தப் பம்பு நிக்கிற பாறைக்கும் அது எடுக்கிற எண்ணெய்க்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல" என்றார்.

"பின்ன எங்கேருந்து வருது?"

"அதுக்குத்தானே லைம் ரீஜிஸ் வரைக்கும் உங்கள இழுத்துட்டுப் போகப் போறேன்."

இந்தக் களிப்பாறையின் பெருமை சாதாரணமானதல்ல. ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தின் பிற்பகுதியில், ஆக்சிஜன் குறைந்த கடலடியில் பாசிகளும் பாக்டீரியாக்களும் மட்காமல் சேறோடு சேர்ந்து படிந்து இது உருவானது. இதே பாறை வட கடலுக்கு அடியிலும் இருக்கிறது. அங்கே மூன்று, நான்கு கிலோமீட்டர் ஆழத்துக்கு அமிழ்ந்து, வெந்து, எண்ணெயாக இளகியது. பிரென்ட், ஃபோர்டீஸ், பைப்பர் என்று பிரிட்டனைப் பணக்கார எண்ணெய் நாடாக்கிய வயல்களுக்கெல்லாம் தாய்ப்பாறை இதுதான். செய்தித்தாளில் தினமும் பிரென்ட் விலை பார்ப்பவர்களும் கிம்மரிட்ஜ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். உலகமெங்கும் புவியியலாளர்கள் இந்தச் சின்ன ஊரின் பெயரைச் சொல்லித்தான் அந்தப் பாறையைக் குறிக்கிறார்கள்.

ஊர்க்காரர்கள் வெகு காலமாகவே இதை எரித்திருக்கிறார்கள். விரிகுடாவுக்குக் கிழக்கே, பிளாக்ஸ்டோன் என்று அவர்கள் அழைக்கும் அடுக்கு நிலக்கரி போலவே எரியும். கந்தகம் கலந்திருப்பதால் நாற்றமும் அதிகம். ரோமானியர் காலத்திலும் அதற்கு முன்பும் இந்தக் கல்லைக் கடைசல் பிடித்து வளையல் செய்தார்கள். வளையலுக்குள்ளிருந்து வெட்டி எடுத்துப் போட்ட வட்டத் துண்டுகள் வயல்களில் கிடைத்தபோது, பிற்காலத்தவர் அவற்றைப் பழைய நாணயம் என்று நினைத்து 'கரிக்காசு' எனப் பெயர் வைத்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் வில்லியம் கிளாவெல் என்ற நிலக்கிழார் இதை விறகாக்கிப் படிகாரம் காய்ச்சினார், கண்ணாடி ஊதினார். இரண்டிலும் கையைச் சுட்டுக்கொண்டார். அந்தக் குடும்பத்தில் பின்னர் வந்த ஒருவர் 1830-இல் கட்டிய கிளாவெல் கோபுரம் கிழக்கு மேட்டில் நிற்கிறது. அடியிலிருந்த குன்றைக் கடல் தின்றுகொண்டே வந்ததால், கோபுரத்தைக் கல் கல்லாகப் பிரித்து 25 மீட்டர் உள்ளே தள்ளி மறுபடி கட்டியிருக்கிறார்கள். 2008-இல்தான் அந்த வேலை முடிந்தது.

ஊருக்குள் ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. ஸ்டீவ் எட்சஸ் என்ற பிளம்பர் பல பத்தாண்டுகள் இந்தக் கரையிலேயே தேடிச் சேர்த்த புதைபடிவங்கள் 2016 முதல் அங்கே காட்சிக்கு உள்ளன. அம்மோனைட் முட்டைகள் என்று கருதப்படுபவைகூட அவர் சேகரிப்பில் உண்டு. அதற்கென்றே ஒரு நாள் ஒதுக்கலாம். நான் ஒதுக்கவில்லை, தோழியின் கவனமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத புதைபடிவங்களில்தான்.

மாலையில் தங்கிய விடுதியில் அவர் கையடக்கக் கணினியைத் திறந்து ஒரு வரைபடத்தைக் காட்டினார். ஊசி ஊசியாக எழும்பும் கோடுகள். மேலே 191 என்று எழுதியிருந்தது.

பாறையை இடித்துத் தூளாக்கிக் கரைப்பானில் மணிக்கணக்கில் ஊறவைத்தால், அதிலுள்ள கரிமப் பொருளில் கரையக்கூடிய பகுதி இறங்கிவரும். கச்சா எண்ணெய் என்றால் அந்தப் பாடும் இல்லை. இரண்டையும் தனித்தனியே சுத்தம் செய்து, கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் முப்பது, அறுபது மீட்டர் நீளமுள்ள மெல்லிய குழாய்ச் சுருளுக்குள் செலுத்துகிறார்கள். ஆயிரக்கணக்கான சேர்மங்களும் குழாயின் மறுமுனைக்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். அங்கே மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் அவற்றை உடைத்து, துண்டுகளின் நிறையை அளக்கும். ஹோப்பேன் என்ற குடும்பத்து மூலக்கூறுகள் உடைந்தால் 191 நிறையுள்ள துண்டு விழும். ஸ்டெரேன் குடும்பம் 217 நிறையுள்ள துண்டைக் கொடுக்கும். 191-ஐ மட்டும் காட்டு என்று கருவியிடம் சொன்னால், எண்ணெய்க் கடலுக்குள்ளிருந்து ஹோப்பேன்கள் மட்டும் தலைகாட்டும்.

இவைதான் பயோமார்க்கர்கள். உயிர் கட்டிய எலும்புக்கூடு, சதைப்பற்று போனபிறகும் அப்படியே நிற்கும் மூலக்கூறுகள். ஹோப்பேன் பாக்டீரியாக்களின் செல் சுவரை ஒட்டிய சவ்விலிருந்து வருகிறது; ஸ்டெரேன் நம் உடம்பிலும் இருக்கும் கொலஸ்டிராலின் இனம். 27 கார்பன் உள்ள ஸ்டெரேன் மிகுந்திருந்தால் பெரும்பாலும் கடல் மிதவைப் பாசி. 29 கார்பன் மிகுந்தால் நிலத்துச் செடிகளின் பங்கு இருக்கலாம், ஆனால் சில பச்சைப் பாசிகளும் அதைத் தரும் என்பதால் அதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒலியனேன் என்ற ஒன்று பூக்கும் தாவரங்களுடையது. பூச்செடிகள் பூமியில் பரவியதே கிரெட்டேசியஸ் காலத்தில்தான் என்பதால், ஒலியனேன் நிறைய உள்ள எண்ணெயை ஜுராசிக் பாறையின் தலையில் கட்ட முடியாது. சுமத்ராவின் மினாஸ் வயலில் போட்ரியோகாக்கேன் கிடைத்தது. நன்னீரில் வாழும் ஒரே ஒரு பாசி இனத்தின் சரக்கு அது. செவ்ரான் நிறுவனத்தில் வேலை செய்த மால்டோவனும் ஸைஃபர்ட்டும் 1980-இல் அதை அறிவித்தார்கள். அந்த எண்ணெய் கடலடியில் பிறந்ததல்ல, ஏரியடியில் பிறந்தது என்பது அந்த ஒரு மூலக்கூறிலேயே தெரிந்துவிட்டது.

ஹோப்பேனின் பெயர்க் கதை ஒரு வேடிக்கை. ஹோப்பியா என்ற மரத்தின் பிசினில் முதலில் இந்த வகைச் சேர்மம் கிடைத்ததால் அந்தப் பெயர் வந்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் ஹோப்பியா உண்டு. குங்கிலிய மரங்களின் குடும்பம். ஆனால் உலக எண்ணெய்களில் உள்ள ஹோப்பேனுக்கும் மரத்துக்கும் சம்பந்தமில்லை, எல்லாம் பாக்டீரியாவின் வேலை என்பதைப் பின்னர் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் கீ ஊரிஸ்ஸோனும் பியேர் ஆல்பிரெக்டும் காட்டினார்கள். மரம் அதோடு கணக்கை முடித்துக்கொள்ளவில்லை. தென்கிழக்கு ஆசிய எண்ணெய்களில் பைகாடினேன் என்று வேறொரு மூலக்கூறு இருக்கிறது. அது இந்தக் குங்கிலியக் குடும்பத்துப் பிசினிலிருந்து வருவதுதான்.

எண்ணெய் உயிரிலிருந்து பிறந்தது என்பதையே ஒருகாலத்தில் பெரிய தலைகள் ஒத்துக்கொள்ளவில்லை. தனிம அட்டவணை தந்த மெண்டலீவ், பூமியின் ஆழத்தில் உலோகக் கார்பைடுகளும் தண்ணீரும் வினைபுரிந்து எண்ணெய் உண்டாகிறது என்றார். 1934-இல் மியூனிக்கில் ஆல்ஃபிரட் டிரைப்ஸ் கச்சா எண்ணெயிலும் எண்ணெய்ப் பாறைகளிலும் போர்ஃபிரின்களைக் கண்டெடுத்தார். இலையின் பச்சையத்தில் உள்ள அதே வளையம். நடுவில் மெக்னீசியத்துக்குப் பதில் வனேடியம் உட்கார்ந்திருந்தது. உலோகமும் தண்ணீரும் சேர்ந்து பச்சையத்தின் வளையத்தைத் தற்செயலாகக் கட்டிவிடும் என்று யாராலும் வாதாட முடியவில்லை. பிறகு வந்தவர் ஜெஃப்ரி எக்லிண்டன். 1968 முதல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இருந்து இந்தத் துறையை ஆளாக்கியவர். மறு ஆண்டு அப்போலோ 11 நிலவிலிருந்து கொண்டுவந்த மண்ணிலும் உயிரின் மூலக்கூறு உண்டா என்று தேடியவர்களில் ஒருவர். எங்கள் கார் பயணம் தொடங்கியதும் பிரிஸ்டலிலிருந்துதான்.

இனி அந்தப் பம்பின் வழக்கு. தோழி இரண்டு வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று கிம்மரிட்ஜ் பாறையுடையது, மற்றது டோர்செட் எண்ணெய் ஒன்றினுடையது. ஹோப்பேன் பகுதியில் சில ஊசிகள் இரட்டை இரட்டையாக நிற்கும். மூலக்கூறு ஒன்றுதான், அதன் 22-ஆம் கார்பனில் மட்டும் வலக்கை, இடக்கை வித்தியாசம். உயிர் கட்டும்போது ஒரு கைப்பட்டதை மட்டுமே கட்டுகிறது. பாறை புதைந்து சூடேற ஏற, அதில் ஒரு பங்கு மறுகைக்கு மாறும். நூற்றுக்கு அறுபது மாறிய பிறகு, மேலே எவ்வளவு வெந்தாலும் விகிதம் நகராது. டோர்செட் எண்ணெயில் இந்த மாற்றம் முடிந்திருந்தது. கிம்மரிட்ஜ் பாறையில் முடியவில்லை. உயிர் கட்டிய கைதான் இன்னும் ஓங்கியிருந்தது.

"வேகாத பாறை வெந்த எண்ணெயக் கொடுக்குமா அண்ணா? மத்த ஆராய்ச்சியெல்லாம் அப்புறம்."

வட கடலில் நான்கு கிலோமீட்டர் அமிழ்ந்த இதே பாறை, டோர்செட்டில் அந்த ஆழத்தைத் தொட்டதே இல்லை. வட கடல் தந்த புகழை இந்த ஊர் வைத்துக்கொள்ளலாம், ஆனால் இந்த ஊர்ப் பம்பின் எண்ணெய்க்கு உரிமை கொண்டாட முடியாது. ஸ்டெரேன் விகிதங்கள், ஹோப்பேன் வரிசை, கார்பன் ஐசோடோப் எல்லாம் வேறொரு பாறையைக் கைகாட்டுகின்றன. இன்னும் கீழே, இன்னும் ஐந்து கோடி ஆண்டு பழையது. பெயர் லயாஸ்.

மறுநாள் மேற்கே கிளம்பினோம். லல்வொர்த் கிராமத்தில் ஸ்டெயர் ஹோல் என்ற இடத்தில் இறங்கிப் பார்க்காமல் போகக்கூடாது. அங்கே சுண்ணாம்புக்கல் அடுக்குகள் செங்குத்தாக எழும்பி, மடிந்து, கசங்கிக் கிடக்கின்றன. ஆல்ப்ஸ் மலைகளை எழுப்பிய நெருக்கலின் கடைசி அலை இங்கே வந்து மோதியதன் அடையாளம் அது. எண்ணெய்க் கதையில் அதற்குப் பெரிய இடம் உண்டு. இந்தக் கரைக்குத் தெற்கே, இன்றைய ஆங்கிலக் கால்வாயின் அடியில், லயாஸ் பாறை ஆழமாக அமிழ்ந்து வெந்தது. வடிந்த எண்ணெய் வடக்கே நகர்ந்து மணற்பாறைகளில் தங்கியது. பூல் துறைமுகத்தை ஒட்டிய விட்ச் ஃபார்ம் வயல் அப்படி நிறைந்ததுதான். 1973-இல் கண்டுபிடிக்கப்பட்ட அது மேற்கு ஐரோப்பாவிலேயே நிலத்தில் உள்ள மிகப் பெரிய எண்ணெய் வயல். கரையிலிருந்து கடலுக்கு அடியில் பக்கவாட்டாகப் பத்து கிலோமீட்டருக்கு மேல் துளை போட்டு எடுத்தார்கள். நாங்கள் அந்தப் பக்கம் கடந்தபோது ஒரு பம்புகூடக் கண்ணில் படவில்லை, பைன் மரங்கள் மறைத்துவிட்டன.

பிறகுதான் ஆல்ப்ஸ் நெருக்கல் வந்தது. அமிழ்ந்த பகுதி மேலே தள்ளப்பட்டு அந்த அடுப்பு அணைந்தது. கிம்மரிட்ஜ் பம்பு நிற்கும் பாறை மடிப்பே அந்தக் காலத்தில் உண்டானதுதான். அப்படியானால் அந்த எண்ணெய் அதற்கு முன் வேறெங்கோ தங்கியிருந்து, குலுக்கலில் இடம் பெயர்ந்து வந்திருக்க வேண்டும்.

லல்வொர்த்துக்குக் கிழக்கே மியூப் விரிகுடாவைப் பார்க்க ஆசைப்பட்டேன். ராணுவத்தின் துப்பாக்கிச் சுடும் நிலம் அது. நாங்கள் போன அன்று சிவப்புக் கொடி ஏறியிருந்தது. அங்கே ஓர் அடுக்கில், எண்ணெய் ஊறிக் கெட்டியான மணல் உருண்டைகள், எண்ணெய் ஊறிய மணலுக்குள்ளேயே பதிந்து கிடக்கின்றனவாம். உருண்டைகளில் ஊறிய எண்ணெய் அந்த மணல் படிந்த கிரெட்டேசியஸ் காலத்திலேயே தரைக்கு வந்து கசிந்ததா, அல்லது எல்லாமே பின்னால் ஊறியதா என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் மல்லுக்கட்டினார்கள். பழைய கசிவு என்ற கட்சிக்குத்தான் எனக்கு ஓட்டு. பார்க்காமல் ஓட்டுப் போடலாமா என்று தோழி கேட்டார்.

ஆஸ்மிங்டன் மில்ஸில் கொடி எதுவும் இல்லை. கடலோரத்தில் பென்கிளிஃப் கிரிட் என்ற மணற்பாறை. அதிலிருந்து பெரிய பெரிய உருண்டைக் கற்கள் விழுந்து கிடக்கின்றன. புதிதாக உடைந்த இடத்தில் மூக்கை வைத்தால் மோட்டார் மெக்கானிக் கடை வாசம். மணல் பழுப்பாகக் கறைபட்டிருக்கிறது. காற்றும் மழைநீரும் பட்ட இத்தகைய கசிவில் பாக்டீரியாக்கள் நீளச் சங்கிலி ஆல்கேன்களை முதலில் தின்று தீர்த்துவிடும். சாதாரண குரோமட்டோகிராமில் மிஞ்சுவது ஊசியே இல்லாத ஒரு மேடு. ஆனால் ஹோப்பேனும் ஸ்டெரேனும் வளையம் வளையமாகப் பின்னியவை. பாக்டீரியாக்கள் அவற்றில் பல்லை வைக்கவே வெகு காலமாகும். எண்ணெய் அழுகிப்போன பிறகும் பிறப்பைச் சொல்வதற்கு அவை இருக்கும்.

கடற்கரைகளில் ஒதுங்கும் தார் உருண்டைகளிலும் இதே வித்தைதான். எக்ஸான் வால்டீஸ் கப்பல் 1989 மார்ச்சில் அலாஸ்காவில் தரைதட்டி எண்ணெயைக் கொட்டியது. பிறகு அந்தக் கரைகளில் பொறுக்கிய தார் உருண்டைகளில் பல, கப்பலின் எண்ணெயோடு பொருந்தவே இல்லை. அவற்றின் பயோமார்க்கர்கள் கலிபோர்னியாவின் மான்டரே பாறையைக் காட்டின. அலாஸ்காவில் சொந்த எண்ணெய் எடுக்கும் முன்பு, சாலை போடவும் அடுப்பெரிக்கவும் கலிபோர்னியாவிலிருந்து கொண்டுவந்த சரக்கு அது. 1964-ஆம் ஆண்டுப் பெரும் பூகம்பத்தில் தொட்டிகள் உடைந்து கடலில் கலந்திருக்கிறது. கால் நூற்றாண்டு கழித்து, கப்பல் மேல் விழவிருந்த பழியில் ஒரு பங்கைப் பூகம்பம் ஏற்றுக்கொண்டது. காரை ஓட்டிக்கொண்டே இதைச் சொன்ன தோழிக்கு, எண்ணெய் தேடும் வேலையைவிட இந்தத் துப்பறியும் வேலையில்தான் பிடிப்பு அதிகம் என்று பட்டது.

போகும் வழியில் ரிங்ஸ்டெட் விரிகுடாவுக்கு மேலே 'எரியும் குன்று' என்று பெயர் வாங்கிய இடம். கிம்மரிட்ஜ் களிப்பாறைதான் அங்கேயும். 1826-இல் பாறையிலிருந்த இரும்பு சல்பைடு காற்றுப் பட்டுச் சூடேறி, தானாகவே தீப்பிடித்துச் சில ஆண்டுகள் புகைந்தது. இப்போது புதர் மண்டிக் கிடக்கிறது.

லைம் ரீஜிஸ் போய்ச் சேர்ந்தபோது கடல் வற்றம். சுண்ணாம்புக்கல்லும் கரிய களிப்பாறையும் ஓர் அடுக்கு விட்டு ஓர் அடுக்காக நிற்கும் குன்றுகள். இதுதான் லயாஸ், சுமார் 20 கோடி ஆண்டுப் பழசு. மேரி ஆனிங் என்ற ஏழைத் தச்சர் மகள் 1812-இல் இக்தியோசார் என்ற பழங்காலக் கடல்விலங்கின் உடலைத் தோண்டி எடுத்தது இங்கேதான். தலையை முந்தின ஆண்டே அவருடைய அண்ணன் கண்டிருந்தார். மேரியின் தோழி எலிசபெத் ஃபில்பாட், கல்லாகிப்போன பெலம்னைட் மைப்பையிலிருந்து மை கரைத்து அந்த விலங்குகளையே படம் வரைந்தார். உயிரின் வேதிப்பொருள் கல்லுக்குள் இத்தனை காலம் தாங்கும் என்பதை அந்தப் பெண்கள் எந்தக் கருவியும் இல்லாமல் பார்த்துவிட்டார்கள்.

குன்றின் அடியில் நிற்க வேண்டாம், சரியும் என்று பலகை எச்சரித்தது. கரையில் விழுந்து கிடந்த களிப்பாறைத் துண்டு ஒன்றை எடுத்தேன். அப்படியானால் பம்பு எண்ணெயின் தாய் இதுதானே என்று கேட்டதற்குத் தோழி தலையை அசைத்தார்.

"இதுவும் வேகலண்ணா. இங்க இது ஆழமாப் போகவே இல்ல. வெந்த லயாஸ் கடலுக்கு அடியில இருக்கு. இது அதுக்குக் கூடப்பிறந்தது."

அவர் தொழிலின் நிரந்தரச் சங்கடம் இதுதான். கைக்கு எட்டுகிற தாய்ப்பாறை பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும். எட்டினால் அது ஆழத்துக்குப் போகவில்லை என்றுதான் பொருள். கிணற்றிலிருந்து வரும் எண்ணெயோ வெந்தது. ஆகவே ஒப்பிடும்போதெல்லாம் வெந்ததையும் வேகாததையும் ஒரே தட்டில் வைத்தாக வேண்டும். சூட்டில் மாறும் விகிதங்களை அதற்காக ஒதுக்கிவிடுகிறார்கள். 22-ஆம் கார்பனின் கை வித்தியாசம் வெந்த அளவைச் சொல்லும், பெற்றவளைச் சொல்லாது. 27, 28, 29 கார்பன் ஸ்டெரேன்கள் எந்தப் பங்கில் கலந்திருக்கின்றன என்பது அவ்வளவு எளிதில் மாறாது. ஒலியனேன் உண்டா இல்லையா என்பதும் அப்படித்தான். இரண்டு எண்ணெய்கள் வழியில் கலந்திருந்தால் அதுவும் குழப்பும். எண்ணெய் கடந்துவந்த பாறைகளில் இருந்த பயோமார்க்கர்களும் அதில் கரைந்து ஏறிக்கொள்ளக்கூடும். நிலக்கரி அடுக்கு வழியாக வந்த எண்ணெய் நிலக்கரியின் பேச்சையும் சேர்த்துப் பேசும். அதனால்தான் ஒரு விகிதத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுபவரை அவர்கள் யாரும் நம்புவதில்லை. வேறு வேறு குடும்பத்து மூலக்கூறுகள், ஐசோடோப்கள், பாறை எப்போது எவ்வளவு ஆழம் போனது என்ற புவியியல் வரலாறு எல்லாம் ஒரே திசையில் கைகாட்டினால் மட்டுமே வழக்கு முடியும். டோர்செட் எண்ணெயின் வழக்கு அப்படி முடிந்த ஒன்று.

நான் எடுத்த துண்டைத் தோழி வாங்கி, அலுமினியத் தாளில் சுற்றி, மேலே இடத்தையும் தேதியையும் எழுதினார். பிளாஸ்டிக் பையில் போட்டால் பிளாஸ்டிக்கின் சேர்மங்கள் பாறையில் ஏறிவிடுமாம். "உங்க கைரேகை எண்ணெயும் இதுல இருக்கு, மேல ஒரு சுற்று சீவிட்டுத்தான் இடிக்கணும்" என்றார்.